மழையில கோல்ஃப்: ஐப்பசி வந்தா எல்லாரும் கேக்குற கேள்விகள்

சென்னைல அக்டோபர் பொறந்தா போதும், முதல் டீல (முதல் ஷாட் அடிக்கிற இடம்) நிக்கும்போதே ஆரம்பிச்சிடுவாங்க, "தலைவா இன்னிக்கு ஆடலாமா", "கிளவ் நனைஞ்சா என்ன பண்றது", "தண்ணிக்குள்ள கிடக்கே, கோல்ஃப் பாலை எடுக்கலாமா"ன்னு. ஒரே பதிலை வருஷா வருஷம் சொல்லி வாய் வலிக்குது, அதான் உக்காந்து எழுதிட்டேன். நான் கோச் கிடையாது, ஹேண்டிகேப் 17, அதாவது சுமாரான ஆள்தான். ஆனா 11 வருஷமா மழைக்காலத்துக்கு லீவு விடாம ஆடுறவன், ரூல் புக்க மட்டும் கொஞ்சம் பிடிவாதமா படிச்சு வெச்சிருக்கேன். கீழ சொல்ற ரூல் எல்லாம் 2023-ல வந்த பதிப்புப்படி.

மழை பெய்யுதே, ஆட்டம் இருக்கா இல்லையா?

இருக்கு. கிரிக்கெட் மாதிரி நாலு தூறல் விழுந்ததும் கவர் போட்டு மூடுற ஆட்டம் இல்ல இது. மழை பெய்யுதுங்கிறது மட்டும் நிறுத்துறதுக்குக் காரணமே இல்லன்னு ரூல்லயே இருக்கு. பொதுவா நிக்கிறது ரெண்டு விஷயத்துக்குத்தான், ஒண்ணு இடி மின்னல், இன்னொண்ணு கிரீன்ல, அதாவது குழி இருக்கிற மழமழ புல்தரைல, தண்ணி தேங்கி குழியைச் சுத்தி பாலை உருட்டி பட் பண்ணவே இடமில்லாமப் போறது.

ஒரே மழைதான், ஒரு கோர்ஸ் ரெண்டு மணி நேரத்துல திறந்துடும், இன்னொண்ணு ரெண்டு நாள் மூடிக்கிடக்கும், ஏன்னா விஷயம் புல்லுக்கு அடியில இருக்கு. புதுசா கட்டுற கிரீன்ல மேல மணல் கலவை, அதுக்குக் கீழ ஜல்லி, அதுக்கும் கீழ ஓட்டை போட்ட பைப், அதனால தண்ணி கடகடன்னு இறங்கிடும். பழைய கோர்ஸ்ல அங்க இருந்த மண்ணையே மேடு தட்டி புல் போட்டிருப்பாங்க, அது களிமண்ணா இருந்துச்சுன்னா தண்ணி அசையாது. அமெரிக்காவுல மாஸ்டர்ஸ் போட்டி நடக்குற அகஸ்டா நேஷனல்ல கிரீனுக்கு அடியில மெஷின் வெச்சு ஈரத்தை உறிஞ்சி எடுக்குறாங்க, நமக்கு அதெல்லாம் டிவில பாக்கத்தான். அதனால கிளம்புறதுக்கு முன்னாடி கோர்ஸ்ல ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிற ஸ்டார்ட்டருக்கு ஒரு போன் போடுங்க, "மழை பெய்யுதா"ன்னு கேக்காதீங்க, "கிரீன் எப்படி இருக்கு"ன்னு கேளுங்க.

எந்த டைம் புக் பண்ணா நனையாம தப்பிக்கலாம்?

ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் சென்னைல வர்ற மழை பெரும்பாலும் வெயில் காய்ஞ்சு சாயங்காலத்துக்கு மேல மேற்குப் பக்கமிருந்து இடியோட வர்றது, அப்போ காலைல ஆடுறவன் புத்திசாலி. வடகிழக்குப் பருவமழை வந்ததும் கதை தலைகீழ், கடல்ல இருந்து வர்ற மேகம் நடுராத்திரிக்கு மேல விடியக்காலைல கொட்டிட்டு, பல நாள் 10 மணிக்கு மேல கொஞ்சம் மூச்சு விடும். நம்ம ஆளுங்க வருஷம் பூரா காலை 6 மணிக்கே புக் பண்ணி பழகிட்டாங்க, நவம்பர்ல அதே 6 மணிக்கு வந்து நனைஞ்சுட்டு என்னைத் திட்டுவாங்க. வானிலை மையத்தோட ரேடார் படம் போன்லயே பாக்கலாம், ஆப்ல வர்ற மழைச் சதவீதத்தை விட மேகம் எந்தப் பக்கம் நகருதுன்னு பாக்குறது எவ்வளவோ மேல்.

ஊட்டிக்குப் போறீங்கன்னா ஜூன் ஜூலைல தென்மேற்கு மழை, நாள் பூரா சாரலும் மூடுபனியும், அடிச்ச பால் எங்க போச்சுன்னே தெரியாது. கொடைக்கானல்ல அக்டோபர் நவம்பர்தான் கனத்த மழை. 1895-லயே ஆரம்பிச்ச கிளப் அது, மழை விட்டதும் அந்தப் பச்சையைப் பாக்கவே ஒரு தடவை போயிட்டு வரலாம்.

பேக்ல என்னென்ன எக்ஸ்ட்ரா வெக்கணும்?

நீங்க நனையத்தான் போறீங்க, அதை மொதல்ல ஒத்துக்கோங்க. காய வெச்சுக் காப்பாத்த வேண்டியது கையும், மட்டையோட கைப்பிடியான கிரிப்பும் மட்டும்தான், செலவு பண்றதை அதுக்குப் பண்ணுங்க. துண்டு நாலு வேணும், ஒண்ணு வெளிய தொங்கட்டும், அது எப்படியும் ஈரமாயிடும், கிளப் (அடிக்கிற மட்டை) முகத்தைத் துடைக்க அது போதும். ரெண்டு பேக்குக்குள்ள பிளாஸ்டிக் கவர்ல. நாலாவது குடைக்குள்ள மேல கம்பில மாட்டிடுங்க, மழையில கடைசி வரைக்கும் காஞ்சிருக்கிற ஒரே இடம் அதுதான். கிளவ் ரெண்டு மூணு ஜிப்லாக் கவர்ல, பேக்குக்கு மழை மூடி, தொப்பி, கார்ல ஒரு செட் காஞ்ச துணியும் சாக்ஸும். கண்ணாடி போடுறவங்க தொப்பி இல்லாம வராதீங்க, ஒவ்வொரு ஷாட்டுக்கும் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சே ரவுண்டு முடிஞ்சிடும்.

ரெயின் சூட் வாங்கணுமான்னு கேட்டா, சென்னைக்கு மேல் கோட்டு வேண்டாம்ங்கிறது என் கட்சி. இந்தப் புழுக்கத்துல அதைப் போட்டா வெளிய மழை, உள்ள வேர்வை, ரெண்டுலயும் நனையணும். பேன்ட் மட்டும் வெச்சுக்கோங்க. ஊட்டி கொடைக்கானல்னா நல்ல கோட்டு கட்டாயம், குளிர்ல விரல் மரத்துப் போச்சுன்னா ஆட்டமே இல்ல. வாங்கினதும் வீட்டு ஷவர்ல நின்னு சோதிச்சுடுங்க. 2010-ல வேல்ஸ்ல நடந்த, அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதுற ரைடர் கப்ல அமெரிக்க டீமுக்கே முதல் நாள் ரெயின் சூட் ஒழுகி, ரசிகர்களுக்கு விக்கிற கடையில போய் வேற சூட் வாங்கி மாட்டிக்கிட்டாங்க. கடைசில ஒரே ஒரு பாயின்ட்ல தோத்தாங்க, அதுக்கு சூட்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன்!

கிளவ் நனைஞ்சா வெறுங்கையால ஆடலாமா?

லெதர் கிளவ் ஈரமானா வழுக்கும், அந்த நிமிஷமே கழட்டி காஞ்சதை மாட்டுங்க, ஈரமானதை குடைக்கம்பில தொங்கவிட்டு மாத்தி மாத்தி ஓட்டுங்க. ரெயின் கிளவ்னு தனியா ரெண்டு கைக்கும் ஜோடியா விக்கிறாங்க, அது லெதருக்கு நேர் எதிர், நனைய நனையத்தான் பிடிக்கும், காஞ்சிருந்தா சுமார்தான். அதனால அதை ஆரம்பத்துலயே நல்லா நனைச்சுட்டு போடணும், இது தெரியாம நிறைய பேர் அதைப் பொத்திப் பொத்தி காயவெச்சு "இது வேலைக்கே ஆகல"ம்பாங்க. வெறுங்கையும் சில பேருக்கு ஒத்துவருது. எனக்கு வரல, ஒரு தடவை 8 அயர்ன் கைய விட்டுப் பறந்து பால் போனதை விட நேரா போச்சு, நல்லவேளை முன்னாடி யாரும் இல்ல.

கிரிப் வழவழன்னு தேஞ்சிருந்தா எந்த கிளவ் போட்டும் பிரயோஜனமில்ல, மழைக்கு முன்னாடி மாத்திடுங்க. நூல் கலந்த கார்ட் கிரிப் ஈரத்துல நல்லா பிடிக்கும், என்ன, உள்ளங்கை கொஞ்சம் காய்ச்சுப் போகும்.

ஸ்விங்ல ஏதாச்சும் மாத்தணுமா?

கால் வழுக்கும்ங்கிறது ஒண்ணு, பாலுக்குப் பின்னாடி மண்ணுல இறங்கிட்டா கிளப் அங்கயே புதையும்ங்கிறது இன்னொண்ணு. இந்த ரெண்டுக்கும்தான் வைத்தியம். கிரிப்ப அரை இஞ்ச் கீழ பிடிங்க, முக்கால் ஸ்விங் போதும், ஒரு கிளப் பெருசா எடுங்க, அதாவது 7 அயர்ன் தூரத்துக்கு 6. லாங் அயர்ன எல்லாம் பேக்லயே தூங்க விடுங்க, அதுக்குப் பதிலா ஹைப்ரிட் எடுங்க, ஈரப்புல்லுல சிக்காம சறுக்கிட்டுப் போகும். ஷூவோட ஸ்பைக்ல சேறு அடைச்சா அது ஸ்பைக்கே இல்ல, ஒவ்வொரு டீலயும் ஒரு குச்சியால குத்தி எடுத்துடுங்க.

அப்புறம் அவசரம். நனையுதேன்னு ஓடி ஓடி அடிச்சாத்தான் ஸ்கோர் நாசமாகுது, குடையை மூடி, கையைத் துடைச்சு, எப்பவும் நிக்கிற நேரம் நின்னு அடிங்க. ஒரு ரவுண்டுக்கு அஞ்சு ஷாட் கூட போகும்னு மனசுல முன்னாடியே எழுதி வெச்சிட்டா 3வது ஹோல்லயே பதற வேண்டியதில்ல.

ஈரக் காத்து கனமா இருக்கிறதாலதானே பால் தூரம் போகல?

எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க, ஆனா உண்மை இதுக்கு எதிர். ஒரே வெப்பம், ஒரே அழுத்தத்துல ஈரக் காத்து காஞ்ச காத்தை விட துளி லேசுதான், ஏன்னா நீராவி மூலக்கூறு நைட்ரஜன் ஆக்சிஜனை விட எடை கம்மி. தூரம் குறையுறதுக்குக் காரணம் வேற. மழையில காத்து குளிர்ந்துடும், குளிர்ந்த காத்துதான் கனம். ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் நடுவுல ஒட்ட வெட்டின புல்) ஊறிக்கிடக்கிறதால விழுந்த இடத்துலயே பால் நிக்கும், 20 கஜம் உருளுறது மொத்தமா போச்சு. போதாததுக்கு நீங்க முக்கால் ஸ்விங்தான் பண்றீங்க.

கிளப் முகத்துக்கும் பாலுக்கும் நடுவுல தண்ணி மாட்டுனா ஸ்பின் குறையும், கிட்டத்துல இருந்து உயரமா அடிக்கிற வெட்ஜ்ல இது நல்லா தெரியும், பால் மேல எழும்பிப் போய் கடிச்சு நிக்காம ஓடும். நல்லவேளை கிரீன் ஊறி மெத்துன்னு இருக்கிறதால ரெண்டும் கிட்டத்தட்ட சரியாயிடும். ஆனா அடிக்கிறதுக்கு முன்னாடி முகத்தைத் துடைக்கிற பழக்கத்தை விடாதீங்க.

கிரீன்ல, பங்கர்ல (மணல் பள்ளம்)?

ஈரக் கிரீன் மெதுவா ஓடும், வளைவும் கம்மி, அதனால குழியைப் பாத்து கொஞ்சம் தைரியமா தட்டுங்க. கிரீனுக்கு வெளிய கிட்டத்துல இருந்து தட்டுற சிப்ல வழக்கத்தை விட குழிக்குக் கிட்ட இறக்குங்க. ஈர மணல் கெட்டி, வழக்கம்போல முகத்தை அகலத் திறந்து அடிச்சா கிளப் மேல எகிறி பாலோட வயித்துலயே படும், அது எதிர்ப்பக்க பங்கருக்குப் போய்ச் சேரும். முகத்தைக் கொஞ்சம் மூடி, அடிப்பக்கம் கூர்மையா இருக்கிற வெட்ஜ் எடுத்து, வேகத்தைக் குறைங்க.

ஆடி முடிச்சுட்டு பேக்க கார் டிக்கியிலயே விட்டுட்டேன், பரவால்லயா?

பரவால்லாம இல்ல. மறுநாள் டிக்கியைத் திறந்தா வாசனையே சொல்லும். கிளப்ப எல்லாம் வெளிய எடுத்து சுவத்துல சாய்ச்சு ஃபேன் போடுங்க, வுட் கிளப் தலைல போடுற உறையைக் கழட்டுங்க, இல்லன்னா உள்ள ஈரம் நின்னு ஸ்டீல் துருப்பிடிக்கும். ஷூக்குள்ள பழைய பேப்பரைச் சுருட்டித் திணிங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, வெயில்ல வெச்சா பசை விட்டுடும். கிளவ்வ உதறி விரல் விரலா நீட்டி நிழல்ல போடுங்க.

பால் தண்ணில கிடக்கு, அப்படியே அடிக்கணுமா? எடுத்தா பெனால்டியா?

இனி ரூல் சமாச்சாரம். மழையில தேங்குன தண்ணிக்கு தற்காலிகத் தண்ணின்னு பேரு, ரூல் 16.1. பால் அதுல கிடந்தாலோ, நீங்க நிக்கிற இடத்துல தண்ணி இருந்தாலோ, பெனால்டி இல்லாம எடுத்துக்கலாம். முழுசா தண்ணியை விட்டு வெளிய வர்ற கிட்டக்க உள்ள இடத்தைக் கண்டுபிடிச்சு, அதுல இருந்து ஒரு கிளப் நீளத்துக்குள்ள, குழிக்குக் கிட்டப் போகாம, முழங்கால் உயரத்துல இருந்து டிராப், அதாவது பாலைக் கீழ விடணும். கிட்டக்க உள்ள இடம்னுதான் ரூல்ல இருக்கு, நல்ல இடம்னு இல்ல. அது ரஃப்ல (புல் உசரமா விட்ட இடம்) வந்தா ரஃப்லதான், பிடிக்கலன்னா தண்ணியிலயே நின்னு அடிச்சுக்கோங்க.

எது தண்ணிங்கிறதுலதான் சண்டையே வரும். நீங்க சாதாரணமா போய் நிக்கும்போது மேல தண்ணி கண்ணுக்குத் தெரியணும். சதசதன்னு இருக்கு, ஷூ அமுங்குது, இதெல்லாம் கணக்கே இல்ல. குதிகாலை வெச்சு நசுக்கி நசுக்கி "பாரு தண்ணி வருது"ன்னு காட்டுற ஆள் எல்லா குரூப்லயும் ஒருத்தர் உண்டு, அது செல்லாது. காலைப் பனியும் தற்காலிகத் தண்ணி கிடையாது.

பங்கர் பூரா தண்ணி, அப்போ வெளிய எடுத்துப் போட்டுக்கலாம்ல?

இலவசமா வெளிய வர முடியாது. பங்கருக்குள்ளயே மேல சொன்ன மாதிரி டிராப், முழுசா காஞ்ச இடமே இல்லன்னா தண்ணி கம்மியா இருக்கிற இடத்துல. வெளிய வந்தே ஆகணும்னா ஒரு பெனால்டி ஷாட் வாங்கிட்டு, குழியையும் பாலையும் சேக்குற நேர்கோட்டுல பின்னாடி எவ்வளவு தூரம் வேணும்னாலும் போலாம். முட்டி அளவு தண்ணின்னா நான் யோசிக்காம அந்த ஒண்ணைக் கொடுத்துடுவேன்.

பால் மண்ணுல புதைஞ்சிருக்கு, சேறு வேற அப்பிக்கிட்டு, துடைச்சா என்ன தப்பு?

புதைஞ்சதும் சேறு ஒட்டினதும் வேற வேற கேஸ். நீங்க அடிச்ச பால் தானே விழுந்து குழி பண்ணி அதுக்குள்ள உக்காந்து, கொஞ்சமாவது தரை மட்டத்துக்குக் கீழ இருந்தா, அது ஃபேர்வேயோ ரஃப்போ, ரூல் 16.3 படி பெனால்டி இல்லாம எடுத்து, துடைச்சு, பாலுக்கு நேர் பின்னாடி இருக்கிற இடத்துல இருந்து ஒரு கிளப் நீளத்துக்குள்ள டிராப். பங்கர் மணல்ல புதைஞ்சா இந்தச் சலுகை இல்ல.

சும்மா சேறு ஒட்டியிருந்தா துடைக்கவே கூடாது, கிரீனுக்கு வந்தப்புறம்தான் எடுத்துத் துடைக்கலாம். எடுத்துத் துடைச்சு அதே இடத்துல வெச்சா ஒரு ஷாட் பெனால்டி. போட்டி நடத்துற கமிட்டி அன்னைக்கு எடுத்துத் துடைச்சு வெச்சுக்கலாம்னு லோக்கல் ரூல் போட்டிருந்தா மட்டும் விதிவிலக்கு, அதனால போர்டைப் பாக்காம டீக்குப் போகாதீங்க. இந்த வலி நமக்கு மட்டும் இல்ல, 2025 பிஜிஏ சாம்பியன்ஷிப்ல போட்டிக்கு முன்னாடி நாள்கள்ல மழை கொட்டியும் முதல் ரவுண்டுக்கு அந்த லோக்கல் ரூல் போடல, அந்த ரவுண்டுல 16வது ஹோல்ல முன்னணி ஆட்டக்காரங்க ஷெஃப்லரும் ஷாஃப்லேவும் சேறு ஒட்டின பாலை அடிச்சு ஆளுக்கொரு டபுள் போகி (அந்த ஹோலுக்கான கணக்கை விட ரெண்டு ஷாட் கூட) வாங்கினாங்க. ஷெஃப்லர் நல்லா புலம்பினார், புலம்பிட்டு கப்பையும் ஜெயிச்சார். சேறு வலது பக்கம் இருந்தா பால் இடது பக்கம் போகும்னு பொதுவா வெச்சுக்கோங்க, ஆனா அதை நம்பி பந்தயம் கட்டாதீங்க.

நான் பட் பண்ணும்போது கேடி (பேக் தூக்கிட்டு வர்றவர்) எனக்குக் குடை பிடிக்கலாமா?

கூடாது, இது பாதிப் பேருக்குத் தெரியாது. ஷாட்டுக்கு முன்னாடி வரைக்கும் பிடிக்கலாம், அடிக்கிற நேரத்துல உங்க மேல மழை படாம இருக்க கேடியோ வேற யாரோ குடை பிடிச்சு நின்னா ரூல் 10.2 படி ரெண்டு ஷாட் போச்சு, ஹோல் ஹோலா ஜெயிக்கிற மேட்ச் ப்ளேன்னா அந்த ஹோலே போச்சு. ஆனா நீங்களே ஒரு கைல குடையைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கைல அரை அடி பட்டைத் தட்டிவிடலாம், அது சரி. கேடி அண்ணன் பாசத்துல பிடிப்பார், நாமதான் முன்னாடியே சொல்லி வெக்கணும்.

பட் உருண்டு போற வழியில தண்ணி நிக்குது, துண்டால ஒத்தி எடுக்கலாமா?

டீயிங் ஏரியால எடுக்கலாம், வேற எங்கயும் உங்க ஷாட்டுக்காகத் தண்ணியைத் துடைக்கவோ தள்ளவோ கூடாது, ரெண்டு ஷாட் பெனால்டி. அதுக்குப் பதிலா கிரீன்ல ஒரு தனிச் சலுகை இருக்கு, பாலும் கிரீன்ல இருந்து, பாலுக்கும் குழிக்கும் நடுவுல கிரீன்லயே தண்ணி நின்னா, தண்ணி குறுக்க வராத கிட்டக்க உள்ள இடத்துல, குழிக்குக் கிட்டப் போகாம, பாலை எடுத்து வெச்சுக்கலாம். இங்க டிராப் இல்ல, கையால வெக்கணும். பால் கிரீனுக்கு வெளிய இருந்தா நடுவுல குட்டையே இருந்தாலும் இந்தச் சலுகை கிடையாது.

தூரத்துல இடி கேக்குது, இன்னும் ரெண்டு ஹோல்தானே, முடிச்சுட்டுப் போயிடலாமே?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் சிரிச்சுக்கிட்டே பதில் சொல்ல மாட்டேன். மின்னல் தெரிஞ்சதுல இருந்து இடிச் சத்தம் வர்ற வரைக்கும் எண்ணுங்க, 3 செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர் கணக்கு. 30 எண்ணுறதுக்குள்ள கேட்டா மின்னல் 10 கிலோமீட்டருக்குள்ள இருக்கு, கிளம்பிடணும், கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகுற வரைக்கும் திரும்ப வரக்கூடாது. சைரன் அடிக்கட்டும்னு காத்திருக்க வேண்டாம், மின்னல் ஆபத்துன்னு உங்களுக்கு நியாயமா தோணினா நீங்களே நிறுத்த ரூல் 5.7 இடம் கொடுக்குது, பெனால்டி இல்ல, உடனே கமிட்டிக்குத் தகவல் சொல்லிடணும், அவ்வளவுதான்.

ஒத்தை மரத்தடி, திறந்த பக்கி (கோல்ஃப் வண்டி), சுவரில்லாத கூரை, எதுவும் பாதுகாப்பு இல்ல. கிளப் ஹவுஸ் கட்டடம், இல்லன்னா கண்ணாடி ஏத்தின கார், அவ்வளவுதான். 1975-ல சிகாகோ பக்கத்துல வெஸ்டர்ன் ஓபன் போட்டில ஆட்டக்காரங்க லீ ட்ரெவினோ, ஜெர்ரி ஹெர்ட், பாபி நிக்கோல்ஸ் மூணு பேரையும் மின்னல் தாக்குச்சு, ட்ரெவினோ அப்புறம் முதுகுக்கு ஆபரேஷனே பண்ண வேண்டி வந்துச்சு. 1991 யூ.எஸ். ஓபன்ல மழைக்கு மரத்தடில ஒதுங்கின ரசிகர்ல ஒருத்தர் செத்தே போனார், ரெண்டு மாசத்துல பிஜிஏ சாம்பியன்ஷிப்லயும் இன்னொரு ரசிகர்.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல கேடி தானா கிளம்ப மாட்டார். சார் ஆடிக்கிட்டு இருக்கும்போது பேக்க வெச்சுட்டு எப்படிப் போறதுன்னு நிப்பார், இரும்புக் கட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு. ஒரு தடவை 50 ரூபா பந்தயத்துக்காக நாங்க நாலு பேரும் 16வது டீல நின்னு வாதம் பண்ணிக்கிட்டிருந்தோம், அந்த நேரம் பூரா பின்னாடி நாலு கேடிங்க நனைஞ்சு நின்னாங்க, வெளிச்சமும் சத்தமும் ஒண்ணா வந்தப்பத்தான் ஓடினோம். இப்பெல்லாம் முதல் இடிக்கே "பேக்க கீழ வெச்சுட்டு வாங்கண்ணே"ன்னு நானே சொல்லிடுவேன்.

ரெண்டடி பட்தான் பாக்கி, அதுக்குள்ள சைரன், தட்டிட்டு வரலாமா?

எந்த சைரன்னு கேளுங்க. நீளமா ஒரே ஊதல்னா உடனடி நிறுத்தம், தட்டினீங்கன்னா ஆட்டத்துல இருந்தே வெளிய, ஷாட் பெனால்டி எல்லாம் இல்ல. அடுத்தடுத்து மூணு ஊதல்னா சாதாரண நிறுத்தம், ஆரம்பிச்ச ஹோலை முடிச்சுட்டு வரலாம். ரெண்டு குட்டி ஊதல் திரும்ப ஆரம்பிக்கலாம்ங்கிறதுக்கு. பாலை மார்க் பண்ணி எடுத்துட்டும் வரலாம், அப்படியே விட்டுட்டும் வரலாம், ஆனா இடின்னா மார்க்கர் தேடிக்கிட்டு நிக்காதீங்க, காரணம் மேலயே சொல்லிட்டேன்.

குளம் நிரம்பி எல்லைக்கு நட்ட சிவப்புக் குச்சியைத் தாண்டி வந்துடுச்சு, பால் அதுல போச்சு, இது குளமா மழைத்தண்ணியா?

குச்சிக்கு இந்தப் பக்கம் வழிஞ்ச தண்ணி தற்காலிகத் தண்ணி, இலவசம். அந்தப் பக்கம்னா பெனால்டி ஏரியா, ஒரு ஷாட். பால் கிடைக்கவே இல்லன்னாலும், இந்தப் பக்கத் தண்ணியிலதான் போச்சுன்னு கிட்டத்தட்ட நிச்சயமா தெரிஞ்சா, அது கடைசியா தண்ணிக்குள்ள நுழைஞ்ச இடத்தை வெச்சு இலவசமாவே வேற பால் போட்டுக்கலாம். "அங்கதான் எங்கயோ போச்சு"ங்கிறது நிச்சயம் ஆகாது, கூட ஆடுறவங்களும் பாத்திருந்தா நல்லது.

கிரீன்ல நின்ன என் பாலை மழைத்தண்ணி இழுத்துட்டுப் போய் குழிக்குள்ள தள்ளிடுச்சு, இது கணக்கா?

ஒரு கொடைக்கானல் ட்ரிப்ல நிஜமாவே வந்த சண்டை இது, சாப்பாட்டு மேசை வரைக்கும் தொடர்ந்துச்சு. தண்ணியும் காத்து மாதிரி இயற்கை சக்திதான், அது நகத்தினா பால் போய் நின்ன இடமே புது இடம், குழிக்குள்ள போச்சுன்னா முந்தின ஷாட்லயே உள்ள போனதா கணக்கு. ஆனா ஒரு கொக்கி இருக்கு, கிரீன்ல அந்தப் பாலை ஏற்கனவே மார்க் பண்ணி எடுத்து, திரும்ப வெச்சதுக்கப்புறம் நகர்ந்திருந்தா பழைய இடத்துக்கே கொண்டுவந்து வெக்கணும். அன்னைக்கு நண்பர் பாலைத் துடைக்கிறதுக்காக எடுத்து வெச்சிருந்தார், அதனால குழிக்குள்ள இருந்து எடுத்து பழைய இடத்துல வெச்சு, மூணு பட் போட்டார்.